விருந்தாளி அப்பன்

வா பேராண்டி, இப்படித் திண்ணையில உக்காரு. நெஞ்சுல என்னத்தப் போட்டு இந்தக் கட்டு கட்டியிருக்க? முதுகுல ஒரு வாரு, இடுப்புல ஒரு வாரு, தோளுக்கு ரெண்டு. கிளிப்பு வேற படக்குப் படக்குன்னு. தூர் வாரக் கெணத்துல எறங்கப் போறியாக்கும்னு நெனச்சேன். உள்ள இருந்து ஒரு சின்னக் காலு நீட்டிக்கிட்டு ஆடவும்தான், ஓகோ, புள்ளையான்னு வெளங்குச்சு.

என்ன வெல? நாலாயிரமா! எங்காத்தா பழஞ்சேலையில தூளி கட்டி வேப்பமரத்துல தொங்கவிட்டுட்டு நாள் முழுக்கக் களை எடுத்தா. அந்தச் சேலையும் ரெண்டு பேரு கட்டிக் கிழிச்சது. சரி, போகட்டும். காசு ஒன்னோடது. தூக்குறது நீதான? அதுல எனக்குச் சந்தோசந்தான். மூஞ்சத் தூக்கி வச்சுக்காத. நான் கேலி பண்ண வேண்டிய சங்கதி வேற இருக்கு, பைய வாரேன்.

புள்ளையத் தூக்குன கையோட போனையும் எதுக்குய்யா தூக்குற?

போன வாரம் எம் மக வயித்துப் பேரன் ஒரு படம் காட்டினான். அவன் சேக்காளி ஒருத்தன் புள்ளையக் குளிப்பாட்டுறான். பாட்டு வேற பின்னால ஓடுது. நல்லாத்தான் இருந்துச்சு. எனக்கு ஒரு சந்தேகம். குளிப்பாட்டுறவன் கையி ரெண்டும் புள்ள மேல இருக்கு. அப்ப படம் புடிச்சது ஆரு? கேட்டா, பொண்டாட்டிங்கான். ஏ அப்பா! ஒரு புள்ளையக் குளிப்பாட்ட ஒரு ஆளு, குளிப்பாட்டுறவனப் படம் புடிக்க ஒரு ஆளு. வெளிச்சம் சரியில்லன்னு ரெண்டாந்தரம் வேற தண்ணி ஊத்துனாகளாம். புள்ள தும்மிக்கிட்டு நின்னிருக்கும், பாவம். அந்தப் படத்துக்கு நாலு ஊரு சனம் இருதயத்த அள்ளி எறிஞ்சிருக்கு. மறுநா அந்தப் புள்ளையக் குளிப்பாட்டுனது ஆரு? அத எவனும் கேக்கல. எவளும் படம் புடிக்கல.

ஒரு கொடம் தண்ணிய ஊத்திட்டுக் கம்மா நெறஞ்சிருச்சான்னு கரையேறி எட்டிப் பாக்குறவனப் பாத்திருக்கியா? அந்த ரகம் இது.

பெறகு, அப்பன் ஆகுறதுக்கு வகுப்பு நடத்துறாகளாமே டவுன்ல? ஏசி ரூமு, பிளாஸ்டிக் பொம்ம. பொம்மைக்கு டயப்பர் மாட்டிப் பழகணுமாம். நல்லதுதான், பழகுறதுல என்ன தப்பு? ஆனா பொம்மைக்குக் காலு ஒதறத் தெரியுமா? மாட்டி முடிச்ச நிமிசத்துலயே மறுபடி போகத் தெரியுமா? ராத்திரி ரெண்டு மணிக்கு, நீ செத்த கண்ணசந்த நேரம் பாத்து, ஒரு காரணமும் இல்லாம ஓன்னு அழத் தெரியுமா? வகுப்பு முடியவும் சர்ட்டிபிகேட்டு குடுக்காகளாம். சட்டம் போட்டு மாட்டி வச்சுக்க. ராத்திரி அழுகுற புள்ளகிட்ட அதக் காட்டிப் பாரு, வாய மூடுதான்னு.

ஆனா ஒண்ணு. எங்க காலத்து அப்பன்மாரு அம்புட்டுப் பேரும் உத்தமனுகன்னு நான் சொல்ல மாட்டேன். சொன்னா எங்க வீட்டுக் கெழவி உள்ள இருந்து வெளக்கமாத்தோட வருவா.

எங்க வழக்கம் என்ன? தலப்பிரசவம் பொறந்த வீட்டுல. வளையலப் போட்டு, கட்டுச்சோறு ஆக்கி, பொண்ணக் கூட்டிட்டுப் போயிருவாக. புள்ள பொறந்து மூணாம் மாசமோ அஞ்சாம் மாசமோதான் திரும்பி வரும். அதுவரைக்கும் அப்பங்காரனுக்கு என்ன சோலி? ஞாயித்துக்கிழம பஸ் ஏறணும். கையில ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலு, ஒரு கிலோ ஆப்பிளு, ஒரு பொட்டணம் காராச்சேவு. மாமியா வீட்டுல நாக்காலியத் தொடச்சுப் போடுவாக. புள்ளையக் கொண்டாந்து மடியில வைப்பாக. மாப்பிள்ள அசைய மாட்டாரு. மூச்சக்கூட எண்ணித்தான் விடுவாரு. புள்ள ஒண்ணுக்குப் போயிருச்சா, போச்சு! "ஐயையோ, மாப்பிள்ள வேட்டி!"ன்னு நாலு பொம்பளைக ஓடியாந்து புள்ளையப் புடுங்கிட்டுப் போயிருவாக. நனஞ்சது புள்ள. கவலை வேட்டிக்கு. பெறகு கோழிக்கொழம்பு, ஒரு தூக்கம், சாயங்கால பஸ்ஸு.

இப்படி வாரா வாரம் விருந்தாளியா வந்து போனவன, ஒருநா தொட்டிலோட புள்ளையக் கொண்டாந்து எறக்கிட்டு "இனிமே நீ அப்பன்"னா, அவன் என்ன பண்ணுவான்? திருதிருன்னு முழிப்பான். புள்ளைக்கும் அதே கததான். அதுக்கு என்ன தெரியும்? பால் மணக்குற ஒரு மடி தெரியும், வெத்தல மணக்குற ஒரு பாட்டி தெரியும். இது ஆரு, ஞாயித்துக்கிழம மட்டும் வார மீசை? வீர்னு ஒரு சத்தம். ஒடனே மாமியாரு, "ஆம்பளைகிட்ட இருக்காது, குடுங்க"ம்பாக. அவனும் விட்டதுடா சாமின்னு குடுத்துட்டுச் சாவடிக்குப் போயிருவான். ஆம்பளைக்குப் புள்ள வளக்கத் தெரியாதுங்கிற சாஸ்திரம் இப்படி உண்டானதுதான். வேற எந்த ஏட்டுலயும் இல்ல.

இன்னொரு கூத்தக் கேளு. பெத்த புள்ளையப் பெரியவுக முன்னாடி தூக்கக் கூடாது. அண்ணன் மகனத் தூக்கலாம், எதுத்த வீட்டுப் புள்ளையத் தூக்கலாம். தன் புள்ளையத் தூக்கினா மட்டும் வெக்கங்கெட்டவன். எங்க அய்யா செருப்புச் சத்தம் வாசல்ல கேட்டா, நான் மகளத் தூளியில போட்டுட்டு மூலையில கெடக்க வெறகக் கட்டிக்கிட்டு நிப்பேன். கட்டுன வெறகையே மறுபடி கட்டுவேன். அய்யா என்ன பண்ணுவாரு தெரியுமா? நான் காட்டுக்குப் போன மறு நிமிசம், அதே புள்ளையத் தோள்ல ஏத்தி மந்தையில ஊர்கோலம் விடுவாரு. அவருக்கு வெக்கமில்ல. பேத்தியத் தூக்கலாம், மகளத்தான் தூக்கக் கூடாது. அவரு தூக்காம விட்ட மக்களுக்குச் சேத்து வச்ச ஆசைய எல்லாம் எம் மக மேல கொட்டினாரு மனுசன். ஒரு தலைமுறைப் பாக்கிய அடுத்த தலைமுறையில வசூல் பண்றது எங்க சாதனை!

காது குத்தா? தாய்மாமன் மடி. மொட்டையா? தாய்மாமன் மடி. சீரு, மால, மருவாதி எல்லாம் மாமனுக்கு. அப்பன் எங்க நிப்பான்? பந்தியில எல பத்துமான்னு பாத்துக்கிட்டு, சமையக்காரருக்கு மிச்சப் பணத்த எண்ணிக்கிட்டு. புள்ள கதறுற சத்தம் கேட்டா, "குத்தியாச்சா?"ன்னு தூரத்துல இருந்து ஒரு கொரலு. அம்புட்டுத்தான் அவன் பங்கு.

அப்ப ஆம்பளைக்கு அந்தக் கை பொறப்புலயே இல்லையோ? அப்படின்னு சொல்றவன ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ்ல ஏத்தி விடு. ஆயிரம் வருசத்துக்கும் முந்தி அங்க ஒருத்தரு நந்தவனம் போட்டுச் சாமிக்கு மால கட்டிக்கிட்டிருந்தாரு. பேரு விட்டுசித்தரு. பெரியாழ்வாருன்னா தெரியும். அந்த மனுசன் கண்ணன ஒரு கைப்புள்ளையா நெனச்சு, தானே யசோதையா மாறி எம்புட்டுப் பாடியிருக்காரு! தாலாட்டுறாரு. சப்பாணி கொட்டச் சொல்றாரு. குளிக்க வாடான்னு கெஞ்சுறாரு. காது குத்தணும், அப்பம் தாரேன்னு ஆச காட்டுறாரு. தல சீவணும், ஏ காக்கா, வந்து குழல் வாருன்னு வேடிக்கை காட்டுறாரு. முடி சிக்குல சீப்பு மாட்டி ஒரு புள்ள நெளியுறதப் பக்கத்துல இருந்து பாக்காதவனுக்கு, இந்தக் காக்கா யோசனை தோணுமா?

அதே ஆளுதான் துளசிச் செடி அடியில கெடந்த பொட்டப்புள்ளைய எடுத்து வளத்தாரு. ஆண்டாள். கதையில முன்னாடி நிக்கிறது அப்பந்தான். சாமிக்குக் கட்டுன மாலைய மக சூடிப் பாத்ததும், மாலையில ஒரு முடி கெடந்ததும் ஊரறிஞ்ச கத. முடியப் பாத்ததும் அவருக்கு வெளங்கிருச்சாம். நீயா இருந்தா என்ன செஞ்சிருப்ப? பொண்டாட்டியக் கூப்புட்டு, "இது ஆரு முடி?"ன்னு கேட்டிருப்ப. தெனமும் சீவி விட்டவனுக்குத்தான் மக முடி தெரியும்.

வள்ளுவரையும் விடாத. மக்கட்பேறுன்னு ஒரு அதிகாரமே போட்டிருக்காரு. புள்ள கையவிட்டுப் பெசஞ்ச கஞ்சி அமுதத்தவிட ருசின்னு அதுல சொல்றாரு. நாக்காலியில உக்காந்து கோழிக்கொழம்பு தின்னவனுக்கு அந்த ருசி எங்க தெரியப் போகுது? தரையில சம்மணம் போட்டு, புள்ள எறைச்சது போக மிச்சத்த வழிச்சுத் தின்னவன் பேச்சு அது. புறநானூத்துல பொன்முடியாருன்னு ஒரு அம்மா, ஆராருக்கு என்ன கடமைன்னு பங்கு வச்சுக் குடுத்திருக்காக. பெத்து வளத்து விடுறது ஆத்தா. சான்றோன் ஆக்குறது அப்பன். வேல் அடிச்சுக் குடுக்கக் கொல்லன் வரைக்கும் கணக்குல வாரான். மூக்குச் சளி வழிச்சு விடுறதும் அந்த வளக்குறதுக்குள்ள அடக்கமான்னு மட்டும் சொல்லல. சொல்லாம விட்டது ஆரு தலையில விழுந்துச்சுன்னு ஒங்க அம்மாகிட்டக் கேட்டுக்க.

சரி, ஒன்னையக் கொஞ்சம் சோதிச்சுப் பாப்போமா? பரிச்ச வைக்கேன், பயப்படாத. புள்ளைக்குப் பெண்டா ஊசி எந்த எந்த வாரம்? என்ன, போன எடுக்க? போன உள்ள வையி. 6, 10, 14. இந்தக் கெழவனுக்குத் தெரியுது. ஊசிக்கு மறுநா காய்ச்ச வந்தா எந்தச் சொட்டு மருந்து, எம்புட்டு? டாக்டரு சொன்னது ஒனக்கு நெனப்பு இருக்கா, இல்ல பொண்டாட்டிக்கு நெனப்பு இருக்கா? ஊசி எழுதுற அட்டை வீட்டுல எந்த அலமாரியில இருக்கு? அந்த அட்டையில தாய் சேய்னுதான் பேரு போட்டிருக்கும், அதுக்காக அப்பன் தொட்டா ஒட்டிக்காது. பெரியவளுக்குச் செருப்பு என்ன சைசு? ஒன்னாப்புல அவ பக்கத்துல உக்காருற புள்ள பேரென்ன? போன வாரம் ரெண்டு பேரும் எதுக்குச் சண்ட போட்டாளுக?

பாத்தியா, முழிக்க. குளிப்பாட்டுறதும் தூக்குறதும் பெருசில்ல தம்பி. அதக் கூலி ஆளுகூடச் செஞ்சிருவான். நெனப்புல வச்சுக்கிட்டுத் திரியுறது இருக்கே, அதுதான் பாரம். வெள்ளிக்கிழம வெள்ளச் சட்ட போடணும், பென்சில் தீந்துபோச்சு, பால் பவுடரு இன்னும் ரெண்டு நாளைக்குத்தான் வரும், இருமல் சத்தம் நேத்த விட இன்னைக்கு வேற தினுசா இருக்கு. இம்புட்டையும் தலையில வச்சுக்கிட்டு ஒருத்தி ஆபீஸ் போய்ட்டு வாரா. நீ சாயங்காலம் வந்து, "என்ன செய்யணும் சொல்லு, செஞ்சு தாரேன்"ங்க. சொல்றதுக்கும் அவதான் யோசிக்கணுமா? பட்டணத்து ஆபீசுல சும்மா கேட்டுக்கிட்டு மட்டும் நிக்கிறவனுக்குச் சம்பளம் குடுப்பாகளா?

சர்க்காருகூட இத எண்ணிப் பாத்திருக்கு. 2024ல தேசம் பூரா வீடு வீடாப் போயி, ஆரு எந்த வேலைக்கு எம்புட்டு நேரம் செலவழிக்காகன்னு கணக்கெடுத்தாக. 15 வயசுல இருந்து 59 வயசு வரைக்கும் உள்ள பொம்பளைகள்ல நூத்துக்கு 41 பேரு, வீட்டாளுகளப் பாத்துக்கிற சோலியச் செய்றாக. ஆம்பளைகள்ல நூத்துக்கு 21 சொச்சம் பேருதான். செய்ற பொம்பளைக்கு நாளைக்கு 140 நிமிசம் அதுல போகுது. செய்ற ஆம்பளைக்கு 74. அதுல புள்ளைக மட்டுமில்ல, என்னைய மாதிரிக் கெழடுகட்டைகளப் பாத்துக்கிறதும் அடக்கம். எனக்கு வெந்நி வச்சுக் குடுத்த நேரத்தையும் கழிச்சுட்டா புள்ளைக்கு என்ன மிஞ்சும்னு நீயே போட்டுப் பாத்துக்க. பாதிக்கும் மேல செய்றோம்ல தாத்தாங்க? அடப் பாவி, இதுலயும் பாஸ் மார்க்குக் கணக்கா?

பொம்பளைகளயும் நான் சும்மா விட மாட்டேன். அவுக உள்ளதான் இருக்காக, காதுல விழட்டும். புருசங்காரன் ஆசையா ஒரு நா புள்ளைக்குச் சட்ட போட்டு விடுறான். பித்தான் ஏறுக்கு மாறாப் போட்டுட்டான். ஒடனே என்ன? "ஒரு வேலைக்கு லாயக்கில்ல, இங்கிட்டுக் குடுங்க." மாமியா ஒரு பக்கம், ஆத்தா ஒரு பக்கம், கொழுந்தியா ஒரு பக்கம். ஏ தாயி, பித்தான் மாறிப் போட்டா புள்ள செத்தா போகும்? நீ மொதநா வச்ச ரசத்தத் தின்னுட்டு அவன் உசுரோட இல்லையா? அவன் கை ஓடட்டும், விடு. சோத்த மூக்குலயும் கன்னத்துலயும் அப்பட்டும். பத்துத் தரம் அப்பினா பதினோராந்தரம் வாய் எங்க இருக்குன்னு கையி கண்டுபிடிச்சுக்கிரும். புள்ளைய ஒங்க கஸ்டடியிலயே வச்சுக்கிட்டு, அவன் ஒண்ணும் செய்றதில்லன்னு பக்கத்து வீட்டுல பொலம்புறது ரெண்டும் ஒண்ணா நடக்காது.

இப்ப நெசமான அப்பன் ஒருத்தனக் காட்டுறேன் பாரு. நம்ம தெக்குத் தெருவுலதான் இருக்கான். பேரச் சொன்னா கூசுவான். பொண்டாட்டிக்குச் சிவகாசிப் பக்கம் பட்டாசாலையில வேல. விடிஞ்சதும் கம்பெனி வேன் வந்து ஆரன் அடிச்சிரும், அவ தூக்குவாளியோட ஓடணும். இவனுக்கு மார்க்கெட்டுல மூட தூக்குற சோலி, லாரி வரப் பத்து மணி ஆகும். நடுவுல மக அவன் பொறுப்பு. வாசப்படியில அவள முன்னால உக்கார வச்சு, சீப்பக் காதுல சொருகிக்கிட்டு, செகப்பு ரிப்பனப் பல்லுல கடிச்சுக்கிட்டு ரெட்டச் சடை போடுவான். தேங்கா எண்ணெய உள்ளங்கையில ஊத்தி, மூட தூக்கிக் காச்சுப்போன அந்த வெரல்ல சிக்கெடுப்பான். புள்ள ஒரு "ஆ" சொல்லாது. ஒரு சடை செத்த மேல நிக்கும், ஒண்ணு கீழ தொங்கும். பள்ளிக்கூடத்துல எவளாவது சிரிச்சா, "எங்கப்பா போட்டது"ன்னு திருப்பிக் குடுக்குமாம். சட்டுன்னு வாய அடச்சிரும் எல்லாருக்கும்.

அவனுக்கு ஆரு வகுப்பெடுத்தா? கேட்டேன் ஒருநா. "வேற ஆரு இருக்கா தாத்தா?"ன்னான். அம்புட்டுத்தான். தீப்பெட்டி, பட்டாசு, அச்சாபீசுன்னு பொம்பளைக வேலைக்குப் போற இந்த வட்டாரத்துல, சோறு பொங்குற அப்பனும் பேன் பாக்குற அப்பனும் வெகுகாலமா உண்டு. பேருதான் வைக்கல. எல்லாரும் தங்கம்னு சொல்லல, சாயங்காலம் டாஸ்மாக் பக்கம் போனேன்னா மிச்சப் பேரப் பாக்கலாம். ஆனா செய்றவன் செய்றான். மக காய்ச்சல்னு அவன் ஒருநா மூட தூக்கப் போகலைன்னா, அன்னைக்குக் கூலி கெடையாது. அதுக்கு லீவுன்னு ஆரும் பேரு சொல்றதில்ல.

லீவுன்னதும் நெனப்பு வருது. நம்ம சட்டம் படிச்சவுக பண்ணியிருக்கிற வேடிக்கையக் கேளு. 2017ல பிரசவச் சலுகைச் சட்டத்தத் திருத்தினாக. மொத ரெண்டு புள்ளைக்கு 26 வாரம் சம்பளத்தோட லீவு. ரொம்ப நல்ல காரியம். அம்புட்டும் ஆத்தாளுக்கு. அப்பனுக்கு? அந்தச் சட்டத்துல ஒரு நாளுகூட இல்ல. 50 பேரோ அதுக்கு மேலயோ வேல பாக்குற எடத்துல புள்ளக் காப்பகம் வேணும்னு போட்டாக. அதுவும் நல்லதுதான். நாளைக்கு நாலு தரம் போயிப் புள்ளையப் பாத்துட்டு வரலாமாம். ஆரு? பொம்பள. அப்பன் போயி எட்டிப் பாக்கட்டும்னு ஒரு வரி இல்ல. தொட்டில் கயிற ஆரு கையில குடுக்கணும்னு சட்டமே முடிவு பண்ணிருச்சு பாத்தியா? பெறகு மொதலாளிமாரு பொம்பளைய வேலைக்குச் சேக்க யோசிக்காகன்னு ஊரெல்லாம் பேச்சு. புள்ள வந்தா அவ மட்டுந்தான் ஆறு மாசம் போவான்னு எழுதி வச்சா, யோசிக்கத்தான செய்வான்?

மத்திய சர்க்காரு உத்தியோகத்துல இருக்க ஆம்பளைக்கு 15 நாளு உண்டு. நம்ம மாநிலத்துல சர்க்காரு உத்தியோகத்துல இருக்க பொம்பளைக்கு 2021ல இருந்து ஒரு வருசமே லீவு. ஆனா 2023ல தென்காசிப் பக்கத்து போலீஸ் இன்ஸ்பெக்டர் ஒருத்தரு, பொண்டாட்டி பிரசவத்துக்கு லீவு கேட்டுப் பட்ட பாடு இருக்கே! குடுத்த லீவ ரத்து பண்ணிட்டாக. மனுசன் மதுரை ஐக்கோர்ட்டுப் படி ஏற வேண்டியதாப் போச்சு. ஊர்ல உள்ள கள்ளன எல்லாம் புடிக்கிறவரு, தன் புள்ளையப் புடிக்கக் கோர்ட்டு உத்தரவு! அப்பன் லீவுக்கும் ஒரு வழி பண்ண வேண்டிய காலம் வந்திருச்சுன்னு ஜட்ஜம்மா எழுதினாக. நல்லாச் சொன்னாக. அந்தப் புள்ள நடந்து, ஓடிப் பள்ளிக்கூடம் போறதுக்குள்ள சட்டம் வந்தாச் சரி.

லீவுன்னாலும் எல்லாருக்கும் ஒரே வெயிட்டா? நீ கிரிக்கெட்டுப் பைத்தியம், ஒனக்குத் தெரியும். 2020ல நம்ம ஆளுக ஆஸ்திரேலியாவுல ஆடப் போனாக. அடிலெய்டுல 36 ரன்னுக்குச் சுருண்டோமே, அந்த ஆட்டம். அது முடியவும் கேப்டன் கோலி பிரசவத்துக்குன்னு வீட்டுக்கு வந்துட்டாரு. என்ன பேச்சுப் பேசுனாக சனங்க! நாட்டு மானம் போகுதாம். வந்தது சரிதான்னுதான் நான் சொல்வேன். அவரு இல்லாமலே 2-1ன்னு ஜெயிச்சுட்டும் வந்தாக, அது வேற கத. 2015ல தோனிக்கு மக பொறந்தப்ப அவரு உலகக்கோப்பைக்குப் போயிருந்தாரு. நாட்டு வேலையில இருக்கேன், மத்ததெல்லாம் பெறகுன்னாரு. அதுக்கும் கை தட்டுனாக. வீட்டுக்குப் போனாப் பேச்சு, போகாட்டாக் கைதட்டு.

ஆனா எனக்கு மனசுல நிக்கிறது நம்ம சேலத்துச் சின்னப்பம்பட்டிப் பையன். நடராஜன். அதே 2020ல, அவன் துபாய்ப் பக்கம் ஐபிஎல் ஆடிக்கிட்டிருக்கையில மக பொறந்தா. அங்க இருந்து நேரா ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில பந்து போடக் கூட்டிட்டுப் போனாக. அங்க அவனுக்கு யோகம், மூணு வகை ஆட்டத்துலயும் எறங்கிட்டான். ஜனவரியில ஊரு திரும்புறப்பத்தான் மக மொகத்த நேர்ல பாத்தான். சாரட்டு வண்டியில ஏத்தி, மேளதாளத்தோட ஊரு கூட்டிட்டுப் போச்சு. கேப்டனுக்கு லீவு கேக்க வாய் வரும். வலையில பந்து போடப் போனவனுக்கு வருமா? அவன் கேட்டானோ இல்லையோ, எனக்குத் தெரியாது. அந்த எடத்துல நின்னா நீ கேப்பியா, அதச் சொல்லு.

சீமையில மட்டும் ஆம்பளைக பொறக்கும்போதே தொட்டிலாட்டிக்கிட்டே பொறந்தாகளாக்கும்னு நெனக்காத. எம் பேரன் ஒருத்தன் ஸ்வீடன்ல இருக்கான், அவன் சொன்னதச் சொல்றேன். 1974லயே அங்க ஆத்தா லீவ ரெண்டு பேரும் எடுத்துக்கலாம்னு மாத்திட்டாக. ஆம்பளைக எடுத்தாகளா? கமுக்கமா இருந்துட்டாக. சர்க்காரு யோசிச்சது. பளு தூக்குற பயில்வான் ஒருத்தரு, லென்னார்ட் டால்கிரென்னு பேரு, ஆளு மலையா இருப்பாரு. அவரு கையில ஒரு கைப்புள்ளையக் குடுத்துப் படம் எடுத்து ஊரெல்லாம் ஒட்டுனாக. பயில்வானே தூக்குறான், ஒனக்கென்னடான்னு. அப்பவும் பயலுக பெருசா அசையல. 1995ல ஒரு காரியம் பண்ணினாக பாரு, அங்கதான் மூள வேல செஞ்சிருக்கு. ஆளுக்கு ஒரு மாசம் தனியா ஒதுக்கி, அவுகவுக பங்க அவுகவுகதான் எடுக்கணும், அப்பன் பங்க ஆத்தாளுக்கு மாத்த முடியாது, எடுக்கலன்னா போச்சுன்னுட்டாக. சும்மா வாரது கை நழுவுதுன்னா எவன் விடுவான்? அப்புறந்தான் கூட்டங்கூட்டமாக் கெளம்பினானுக, வண்டியத் தள்ளிக்கிட்டு. இப்ப மொத்தம் 480 நாளு. அதுல ஆளுக்கு 90 நாள கைமாத்த முடியாது. பாசம் வந்து லீவு எடுத்தாகளா, லீவு எடுத்து பாசம் வந்துச்சான்னு கேட்டா, எனக்கு ரெண்டாவது மேலதான் சம்சயம். நாலு நாளு கூடக் கெடந்தா நாய்க்குட்டி மேலயே பிரியம் வரும்போது, பெத்தது மேல வராதா?

இதுல கடைசியா ஒண்ணு சொன்னான் பாரு, அன்னைக்கு ராத்திரி எனக்குத் தூக்கமே வரல. 2024 ஜூலையில இருந்து, அந்தக் காசுள்ள லீவுல 45 நாளு வரைக்கும் தாத்தா பாட்டி பேருக்கு எழுதிக் குடுக்கலாமாம். பேரனப் பாத்துக்கிற தாத்தனுக்குச் சர்க்காரு துட்டு!

அப்ப எனக்குச் சேர வேண்டிய பாக்கி என்ன ஆச்சு? இந்தத் திண்ணையில எத்தனை புள்ளைக வளந்திருக்கு. வசம்பு சுட்டு ஒரைச்சது ஆரு? சைக்கிள்ல பள்ளிக்கூடம் கொண்டுபோயி விட்டது ஆரு? ஒங்கப்பன் ஒன்னைய விட்டுட்டு கோயம்புத்தூரு மில்லுக்குப் போனப்ப, ராத்திரி ஒனக்கு நரிக்கத சொன்னது ஆரு? நீ இங்கிலீசுல நல்லா எழுதுவியே, அந்த ஊரு சர்க்காருக்கு ஒரு மனு தட்டிவிடு. தேதி போட்டு, பழைய பாக்கியும் சேத்து. கையெழுத்து நான் போட்டுத் தாரேன்.

சாட்சிக் கையெழுத்துக்கு மட்டும் எங்க வீட்டுக் கெழவிகிட்டப் போயிராத. அவ கணக்க எடுத்தான்னா, நான் அந்தச் சர்க்காருக்குத் திருப்பிக் கட்ட வேண்டியது வரும்.